நின்றதாகச் சொன்ன கார்

பழனிசெட்டிபட்டி ராக்கையாவிடம் கார் வந்து சேர்ந்தது 1937-ஆம் வருஷம் தை மாதம். மூணாறு மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. கறுப்பு நிறம், நாலு கதவு, தகரக் கூரை. அந்தக் காலத்தில் தேனிப் பக்கம் ஓடிய கார்களில் பாதிக்கு மேல் கித்தான் கூரைதான்; சாரல் அடித்தால் உள்ளே இருப்பவர்கள் நனைந்த கோழியாக இறங்குவார்கள். இதில் குடும்பத்தோடு உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்ளலாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதில் தப்பொன்றும் இல்லை, யாருக்குத்தான் புரிந்திருக்கும்.

ராக்கையா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதையிலேயே எல்லாரும் அவரை ஏச ஆரம்பித்துவிடுவார்கள். முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் வயல் இருந்தது, ஏலக்காய் வியாபாரம் இருந்தது, நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. தாய் தகப்பன் சின்ன வயதில் போய்விட்டதால் அக்கா சங்கிலியம்மாள்தான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அக்கா என்றால் அவருக்கு உயிர். அக்காள் மகள் சுப்புத்தாயைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது பிள்ளை அழுததைவிட மாமன் அழுததுதான் அதிகம்.

வண்டி வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. வீரபாண்டி கௌமாரியம்மன் வாசலில் நிறுத்தி, தீர்த்தம் தெளித்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வீட்டு ஆட்கள் ஏறவேண்டும் என்று வீட்டுக்காரி கஸ்தூரியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே காரில் ராக்கையாவும், டிரைவர் உத்தமபாளையம் சிக்கந்தர் ராவுத்தரும் மட்டும் போனார்கள். பாதி வழியில், பாலத்தைத் தாண்டியதும் வரும் புளியமரத்தடியில், அக்காளும் அவள் புருஷன் கருத்தக்கண்ணனும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் வீடு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். கருத்தக்கண்ணன் தோளில் சுப்புத்தாய் துவண்டு கிடந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. தொண்டை அடைப்பான். மூச்சு இழுக்கும் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"மாப்ள, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. தேனி டாக்டருகிட்டக் கொண்டுபோய் விட்ரு" என்றார் கருத்தக்கண்ணன்.

சிக்கந்தர் ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி இடப்பக்கத்துப் பின் கதவைத் திறந்துவிட்டார். ராக்கையா இறங்கி அந்தக் கதவைச் சாத்தினார்.

"மச்சான், இன்னும் அம்மன் மொகத்துல முழிக்காத வண்டி. மொதமொத சீக்குப் பிள்ளையை ஏத்துனா அந்தப் பிள்ளைக்கே ஆகாது. ஒரு எட்டுப் போயி தீர்த்தம் தெளிச்சுட்டு வந்துர்றேன். இங்கன நெழல்ல இருங்க. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள வந்துருவேன்."

கருத்தக்கண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சங்கிலியம்மாள்தான் அவர் கையை எடுத்துவிட்டாள். "அவன் சொல்றதும் சரித்தான். அம்மன்கிட்டப் போயிட்டு வெரசா வா தம்பி" என்றாள்.

அவர்கள் மூவரும் அதை நம்பினார்கள். அம்மனைப் பார்க்காத வண்டியில் பிள்ளையை ஏற்றினால் ஆபத்து என்று நம்பித்தான் அந்தப் பிள்ளையை ரோட்டில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு நமக்குக் கோபம் வரும். அன்றைக்கு அந்தச் சாலையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சிக்கந்தர் ஒருவர்தான் வேறு மாதிரி நினைத்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

கோயிலில் வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பூசாரி இருந்தார், தீர்த்தம் இருந்தது, எலுமிச்சம்பழமும் சொன்னபடி நசுங்கியது. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஊர்ப் பெரிய மனுஷர் அம்மாவாசி துண்டால் காரைத் தட்டிப் பார்த்து, "என்னப்பா ராக்கையா, எங்களையெல்லாம் ஏத்த மாட்டியா" என்றார். அம்மாவாசி ஒருவரைப் பார்த்துக் கேட்பது சாமானியமா. ராக்கையா அவரையும் இன்னும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு சீலையம்பட்டி வரைக்கும் ஓட்டச் சொன்னார். அங்கே இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தால் அடுத்த நாலு பேர் தயாராக நின்றார்கள்.

"மொதலாளி, அங்க பிள்ளை கெடக்கு" என்றார் சிக்கந்தர்.

"இந்தா போயிருவோம் ராவுத்தரே. இவுகளையும் ஒரு சுத்துச் சுத்தி விட்ருவோம்."

பிள்ளையை மறந்துவிட்டாரா என்றால், இல்லை. மறந்திருந்தால்கூட மனசு ஆறும். ஞாபகம் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஆனால் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன.

புளியமரத்துக்குத் திரும்பி வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கார் நிற்பதற்கு முன்பே அக்காளின் அழுகை கேட்டது. பிள்ளை அவள் மடியில் கிடந்தாள். பத்து நிமிஷம் முன்னால்தான் போயிருந்தாள்.

ராக்கையாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவேதான் வாயைத் திறந்தார். "வண்டி நின்னு போச்சுக்கா. பெட்ரோல் குழாயில தூசி. ஹேண்டில் போட்டுச் சுத்திச் சுத்திப் பாத்தோம், ஸ்டார்ட்டே ஆகல." சொல்லிவிட்டுச் சிக்கந்தரைப் பார்த்தார். சிக்கந்தர் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அதை நம்பினாள். அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு ஒன்பது வருஷம் அந்தப் பொய்யோடு ராக்கையா வாழ்ந்தார். அக்காளுக்கு உண்மை தெரிந்தால் அவள் தன் முகத்தில் முழிக்கமாட்டாள் என்பது ஒன்றுதான் அவருடைய பயம். நோய் வந்தாலும் வெள்ளாமை போனாலும் அவர் கலங்கியதில்லை. வீரபாண்டிக்காரன் எவனாவது அக்காள் வீட்டுப் பக்கம் போனான் என்று கேள்விப்பட்டால் அவன் என்ன பேசிவிட்டு வந்தான் என்று நாலு பேரிடம் விசாரிப்பார். நாலாம் வருஷம் அம்மாவாசி மாரடைத்துச் செத்தபோது அந்த வீட்டில் போய் உட்கார்ந்து, ஒரு வாய் குறைந்தது என்று நினைத்தார். நினைத்த உடனே எழுந்து வெளியே போய்விட்டார்.

கார் மற்ற வீட்டுக் கார்களைப் போலத்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் போனால் கஸ்தூரியம்மாளோடு இன்னும் ஆறு பெண்கள் ஏறிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்த்துப்போய், உப்புக்கோட்டை தாண்டுவதற்குள் ஒருத்தி வாந்தி எடுப்பாள். கொட்டகையில் கோழி பின் சீட்டில் முட்டையிட்டு அடைகாத்தது. எலி சீட்டுக்குள் இருந்த தேங்காய் நாரை இழுத்துப் போட்டது. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவார் சிக்கந்தர். அது எப்படியோ அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் ராக்கையா சிரித்துக்கொண்டே சொல்லுவார். சொல்லாமல் வைத்துக்கொண்டவைதான் அவரைத் தின்றன.

பிள்ளை போய் மூன்றாவது மாதம் கார் முதன்முதலாக நடுரோட்டில் நின்றது. புளியமரத்தடியில். சிக்கந்தர் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்து, குழாயைக் கழற்றி ஊதி, உள்ளங்கையில் எடுத்துக் காட்டினார். பெட்ரோல் குழாயில் தூசி.

ராக்கையாவுக்கு, தான் சொன்ன சொல்லை யாரோ கேட்டு வைத்துக்கொண்டு, எடுத்து நீட்டுவது போல இருந்தது. சத்தம் கேட்டு வீட்டிலிருந்து சங்கிலியம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்தாள். "பாவம், ஒனக்குன்னு வாச்ச வண்டியைப் பாரு. அன்னைக்கும் இப்படித்தான நின்னு கெடுத்துச்சு" என்றாள். அவர் அந்த மோரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுச் செம்பைக் கொடுத்தார்.

பிறகு ஸ்டார்ட்டர் பிடிக்காமல் போனது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் எதிர்த்து அடித்து ராக்கையாவின் மணிக்கட்டு வீங்கியது. அன்று அக்காளிடம் சொன்னது எதுவோ, அது ஒவ்வொன்றாக நடந்தது. அப்புறம் அந்தக் கதவு. இடப்பக்கத்துப் பின் கதவு. பாலத்தைத் தாண்டிப் புளியமரத்துக்கு வந்ததும் தானாகத் திறந்துகொள்ளும். யாரோ கையை வைத்து மெதுவாகத் திறப்பது போலத் திறக்கும். கயிறு போட்டுக் கட்டினார்கள். கட்டின கயிறு இறுகி இறுகிக் கதவு விலகும். ராக்கையா பின் சீட்டில் உட்காருவதையே விட்டுவிட்டார். முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, மரத்தைத் தாண்டியதும் பின் சீட்டின் சுருள்கம்பி கிறீச்சிடும். ஆறு வயதுப் பிள்ளை ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான் சத்தம். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

கஸ்தூரியம்மாள் கடமலைக்குண்டிலிருந்து ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தாள். அவன் உடுக்கை அடித்து, கண்ணை உருட்டி, வண்டியில் ஒரு வெள்ளைக்காரியின் ஆவி இருக்கிறது, அது ரொட்டியும் சேவலும் கேட்கிறது என்றான். சேவல் யார் வயிற்றுக்குப் போகும் என்று தெரியாதா. இருந்தும் ராக்கையா ஆசையாகக் கேட்டுக்கொண்டார். வெள்ளைக்காரியாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது. நாலு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் கதவு திறந்தது.

கடைசியில் சிக்கந்தர் கதவைக் கழற்றி, தேய்ந்துபோன தாழ்ப்பாள் நாக்கைக் கையில் வைத்துக் காட்டினார்.

"இந்தாருங்க மொதலாளி. இதான் விசயம். பாலத்து மேடு தூக்கிப் போடுது, நாக்குத் தேஞ்சிருக்கு, தெறந்துக்கிருது. புதுசு போட்டுட்டேன். சீட்டுச் சுருளும் மாத்தியாச்சு. இனிமே ஒரு சத்தம் வராது."

வரவில்லை. மறுநாள் கார் புளியமரத்தைச் சத்தமில்லாமல் தாண்டியது. ராக்கையாவுக்குத்தான் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கேக்குதே ராவுத்தரே."

சிக்கந்தர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது வண்டியில இல்ல மொதலாளி. அது எங்கன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன், நீங்களாத்தான் சொல்லணும்" என்றார். அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. காரின் முதுகில் கரி கேஸ் டிரம்மைக் கட்டினார்கள். கரியைப் போட்டு ஊதி ஊதித்தான் வண்டி நகரும். மாட்டு வண்டிக்காரன் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். வீரபாண்டிச் சாலையில் அது நிற்காத நாள் இல்லை என்றாகிவிட்டது. நிற்கும்போதெல்லாம் அக்கா மோர் கொண்டுவருவாள், அதே வார்த்தையைச் சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் ராக்கையா, "ஏறு அக்கா, ஒரு தடவை கூட்டிட்டுப் போறேன்" என்பார். "எனக்கு அந்த வாடை ஒத்துக்காதுடா" என்று அவள் திரும்பி நடப்பாள். அவள் ஒரு தடவையாவது தன்னைத் திட்டமாட்டாளா என்று அவருக்கு இருக்கும். திட்டிவிடுவாளோ என்றும் இருக்கும்.

1946 சித்திரைத் திருவிழாவுக்குக் கருத்தக்கண்ணன் ஆள் அனுப்பினார். அக்கா கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறாள், காரை எடுத்துக்கொண்டு வா என்று. பிள்ளை போன நாளிலிருந்து அவள் அந்தக் கோயில் பக்கமே போனதில்லை. ராக்கையா சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்தார். அதற்குள் பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்திருந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, சீட்டுக்குப் புது வேட்டியை விரித்துக் கொண்டுபோனார்.

அக்கா பின்னால் ஏறினாள். ராக்கையாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கதவு திறக்க ஆரம்பித்த பிறகு அவர் பின் சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கருத்தக்கண்ணன் வரவில்லை, வீட்டு வாசலிலேயே நின்றார். கார் அன்றைக்குப் பார்த்து வெண்ணெயாக ஓடியது. மண் பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறியதும் சங்கிலியம்மாள், "ராவுத்தரே, இங்கன நிப்பாட்டுங்க" என்றாள். புளியமரம். ரோட்டில் திருவிழாக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது, வெயில் சுள்ளென்று அடித்தது.

சிக்கந்தர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிப் போய் நின்றார்.

"தம்பி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒம்பது வருசமா வயித்துக்குள்ளயே வச்சிருக்கேன். அதைச் சொல்லாம அம்மன் மொகத்துல எனக்கு முழிக்க முடியாது."

"சொல்லுக்கா."

"அன்னைக்கு நீ போயி அரை மணி நேரத்துல ஒரு மாட்டு வண்டி வந்துச்சு. வெத்தல ஏத்திக்கிட்டுத் தேனிக்குப் போற வண்டி. வண்டிக்காரரு தானாவே நிப்பாட்டி, பிள்ளையக் குடு தாயீன்னாரு. ஒங்க மச்சான் ஏறவே போயிட்டாக. நாந்தான் வேட்டியப் புடிச்சு இழுத்தேன். தம்பி இந்தா வந்துருவான், அவன் காரு பறந்து போயிரும், இந்த மாடு எப்பப் போய்ச் சேரன்னேன். அந்த வண்டி தேனி போய்ச் சேர்ந்த பெறகும் எம்பிள்ளைக்கு மூச்சு இருந்துச்சுடா."

அவள் அழவில்லை. அழுது முடித்தவள் பேசுவது போலப் பேசினாள்.

"ஒனக்குத் தெரிஞ்சா நீ நொந்து போவேன்னுதான் சொல்லல. காரு நின்னதுக்கு நீ என்ன பண்ணுவ. அது விதி. கைக்கு வந்த வண்டியை விட்டது நான். எம்பிள்ளையக் கொன்னது நாந்தான்."

ராக்கையா தப்பித்துக்கொள்ள வேறு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. எல்லாம் விதிதான் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிக் கண்ணைத் துடைத்துவிட்டிருந்தால் போதும். ஜென்மத்துக்கும் அவர்மேல் ஒரு தூசி விழாது. அக்கா அதையும் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்திருப்பாள். அந்த வார்த்தை அவர் நாக்கு வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். தன்னைத் தூக்கி வளர்த்த முகம், ஐம்பது வயதில் எழுபது வயதுக் கிழவியாகியிருந்தது. இவ்வளவு பக்கத்தில் அதை அவர் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

"அக்கா, காரு நிக்கல" என்றார்.

"என்னடா?"

"அன்னைக்குக் காரு நிக்கவே இல்ல. நான் பொய் சொன்னேன். கோயில்ல வேலை கால் மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. அம்மாவாசியும் மத்தவுகளும் ஏத்தச் சொன்னாக. ஏத்திக்கிட்டுச் சுத்துனேன்."

சங்கிலியம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எங்க வரைக்கும்?"

"சீலையம்பட்டி."

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை."

"நான் இங்கன பிள்ளையோட இருக்கேன்னு ஒனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லலாம். அந்த ஒரு பொய்யாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. "இருந்துச்சுக்கா" என்றார் ராக்கையா.

அவள் இறங்கினாள். அவரும் இறங்கினார். ரோட்டோரத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அவர் முகத்தில் வீசினாள். திரும்பவும் குனிந்து அள்ளி வீசினாள். கூட்டம் நின்று பார்த்தது. "எம்பிள்ளையத் தின்னுட்டு எங்கையால மோரு வாங்கிக் குடிச்சியேடா" என்றாள். "செம்பு செம்பாக் குடிச்சியேடா." ராக்கையா கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். கை ஓயும் மட்டும் வீசிவிட்டு, அவள் சேலையை உதறிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வீரபாண்டியைப் பார்த்து நடந்தாள். இரண்டு மைல். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கருத்தக்கண்ணன் பழனிசெட்டிபட்டிக்கு வந்தார். கஸ்தூரியம்மாள் நாற்காலியை எடுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை. எப்போதும் மாப்ள என்று கூப்பிடுகிறவர் அன்றைக்குப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ராக்கையா, ஒங்கக்கா கோயிலுக்குப் போயிட்டு வந்து படுத்தா. விடியிற வரைக்கும் அசையல. நேத்தும் அப்படித்தான். ஒம்பது வருசமா ராவெல்லாம் சொவத்துல சாஞ்சு உக்காந்தே இருப்பா. அது ஒனக்குத் தெரியாது."

ராக்கையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இனிமே நீ எங்க வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. அவதான் சொல்லச் சொன்னா."

"நல்லது கெட்டதுக்குக் கூடவா மச்சான்?"

"அதை நான் கேக்கல" என்றார் கருத்தக்கண்ணன். படியில் இறங்கியவர், செருப்பை மாட்டிக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றார்.

"நல்லாத் தூங்குறா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.